எண்பது சதவீதக் கம்பளம்

மிஸஸ் ரோசலிண்ட் பிங்கஸ் வீட்டை விற்றுவிட்டுப் போகப்போகிறாள் என்ற செய்தி அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் சலவை அறைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிடம் மடிப்பதை நிறுத்தினார்கள். வருத்தம் என்று சொல்ல முடியாது. மாதாந்திரக் கூட்டத்தில் இனி முக்கால் மணி நேரம் மிச்சமாகுமே என்று ஆளாளுக்கு மனசுக்குள் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

குயின்ஸ் பகுதியில் அந்த மாதிரிப் பழைய கட்டடங்கள் நிறைய. குடியிருப்பவர்கள் எல்லோருமே கட்டடத்தில் பங்குதாரர்கள். அவர்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒரு நிர்வாகக் குழு, அந்தக் குழுவுக்கு ஒரு விதிப் புத்தகம், கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் எழுதி வைக்க ஒரு மினிட்ஸ் புத்தகம். எழுதி வைப்பதோடு குழுவின் கடமை முடிந்தது.

ரோசலிண்ட் இருப்பது மூன்றாம் மாடியில். எழுபத்தொரு வயது, கணவன் போய்ப் பதினொரு வருடம், பிள்ளைகள் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சிகள் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் தலைக்கு நேர் மேலே, நான்காம் மாடியில், டெஸ்மண்ட் ஆட்லியும் அவர் மனைவி இவெட்டும். ஆட்லி பார்படோஸ்காரர். முப்பது வருடம் சுரங்க ரயில் ஓட்டியவர். ஆறடி மூன்றங்குலம்.

கட்டடம் முழுக்க ஓக் மரத்தரை. ஆட்லி குடிவந்த புதிதில் மண்டியிட்டு உட்கார்ந்து, நான்கு மாதம் யாரையும் தொடவிடாமல், தன் வீட்டுத் தரையைத் தானே தேய்த்து, இழைத்து, மெருகேற்றினார். ஜன்னல் வெளிச்சம் பட்டால் தேன் ஊற்றி வைத்த மாதிரி இருக்குமாம், பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வேலை முடிந்ததும் அதில் நடக்க ஆரம்பித்தார். கீழே ரோசலிண்டின் நிம்மதி அன்றோடு போயிற்று.

ஏனென்றால் அவர் வீட்டுக்குள்ளும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் நடப்பார். தோல் அடி வைத்த கறுப்பு பூட்ஸ், தினமும் பளபளவென்று துடைத்தது. வேலையில் இருந்த பழக்கம். எழுந்ததும் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலில் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்ப. நேரம் தவறாது. ரோசலிண்ட் காபி போட்டுக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்து, இதோ ஜன்னலுக்குப் போகிறார், இதோ திரும்புகிறார் என்று கடிகாரம் பார்க்காமலே மணி சொல்லுவாள்.

விதிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. கீழ் வீட்டுக்குச் சத்தம் போகாமல் இருக்க, மரத்தரையில் நூற்றுக்கு எண்பது பங்கைக் கம்பளம் போட்டு மூட வேண்டும். முதல் புகார் வந்ததும் ஆட்லி மறுபேச்சில்லாமல் கம்பளம் வாங்கினார். கட்டிலுக்கு அடியில் போட்டார். சோபாவுக்கு அடியில், உடுப்பு அலமாரிக்குள், சாப்பாட்டு மேசைக்குக் கீழே, விருந்தாளி வந்தால் ஒழிய யாரும் நுழையாத சின்ன அறை முழுவதும். கட்டடப் பராமரிப்பாளர் ஃபாத்மிர் அல்பேனியாக்காரர், நேர்மையான மனிதர்; அளவு நாடாவோடு போய் அளந்தார். எண்பது புள்ளி மூன்று. மூடாமல் விட்ட அந்தப் பத்தொன்பதே சொச்சம் எது என்று பார்த்தால், படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு. ஆட்லி கால் வைக்கும் இடம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கம்பளம்.

"விதி மீறல் இல்லை" என்று குழு எழுதியது. ரோசலிண்ட் மறு மாதம் திரும்பவும் புகார் கொடுத்தாள். "பதிவு செய்யப்பட்டது" என்று எழுதினார்கள். இப்படியே ஆறு வருடத்தில் நாற்பத்தொரு புகார். ஒவ்வொன்றும் தான் சொன்னது சொன்னபடி, தேதியோடு, மணியோடு மினிட்ஸில் ஏற வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் செயலாளருக்குப் போன் போகும்.

அவளுக்கு இப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மேலே யாரும் இல்லாத கூரை. பிராவிடன்ஸ் நகரத்தில் தங்கை ஹெஸ்டர் இருக்கும் முதியோர் குடியிருப்பில், ஹெஸ்டருக்கு அடுத்த வீடு காலியாகியிருந்தது. கடைசி மாடி, அதற்கு மேல் வானம்தான். மார்ச் முடியும் வரை அவள் பெயரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கே விற்றால்தான் அங்கே போக முடியும்.

வாங்கவும் ஆள் வந்தாயிற்று. லைல் ஹபர்ட் என்று ஒரு தனியாள், ஐம்பது வயது, சாது. நாடக அரங்கில் டிராம்போன் வாசிக்கிறவர். நீளமான பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுவார்களே, அதுதான். தினம் காலையில் மூன்று மணி நேரம் வீட்டிலேயே ஊதிப் பழக வேண்டுமாம். இந்த விஷயத்தை ரோசலிண்ட் கட்டடத்தில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஹெஸ்டரிடம் மட்டும், வழக்கமான ஏழு மணிப் போனில், கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னாள்.

எல்லாம் கூடி வரும் நேரத்தில்தான் வீடு விற்றுத் தரும் ஏஜண்ட் நடீனிடமிருந்து போன் வந்தது.

"மிஸஸ் பிங்கஸ், ஹபர்ட் சாரோட வக்கீல் போய் மினிட்ஸ் புத்தகத்தைப் படிச்சிட்டார்."

"படிக்கட்டுமே. நல்லா எழுதியிருக்கும். கமா வரைக்கும் நான் சரிபார்த்தது."

"அதான் வம்பே. நாப்பத்தோரு தடவை, தேதி போட்டு, மணி போட்டு, மேல் வீட்டுச் சத்தத்துல உசிரு போகுதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இதைப் படிச்சிட்டு எந்த வக்கீல் இந்த வீட்டை வாங்குன்னு சொல்லுவார்?"

"அது மேல் வீட்டு மேல கொடுத்த புகார்மா. என் வீட்டுல ஒரு குறையும் இல்லையே."

"மேல் வீட்டை யாரும் விக்கலையே மிஸஸ் பிங்கஸ்."

வீடு வாங்குகிறவரின் வக்கீல் மினிட்ஸைப் படிப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ரோசலிண்டுக்கும் தெரியும். எழுத வைத்த நாளெல்லாம் படிக்கப்போவது ஆட்லி என்றே நினைத்துவிட்டாள்.

"அந்த ஹபர்ட் என்ன சொல்றார்?"

"அவர் அலட்டிக்கவே இல்லை. படிச்சிட்டுச் சிரிச்சார். 'நாப்பத்தோரு தடவை சொல்லியும் இந்தக் குழு ஒண்ணுமே செய்யலையா'ன்னு ரெண்டு வாட்டி கேட்டார்."

"பாவம், என் கஷ்டம் அவருக்குப் புரிஞ்சிருக்கு."

"வக்கீல்தான் பிடிச்ச பிடியா நிக்கிறார். மேல் வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஒரு கடிதம் வேணுமாம். சத்தத்துக்கு வழி பண்ணியாச்சு, இனிமே தொந்தரவு இருக்காதுன்னு கையெழுத்துப் போட்டு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு நாள் வந்து உங்க வீட்ல உக்காந்து கேட்டுப் பாப்பாங்க."

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட ரோசலிண்ட் நான்காம் மாடிக்கு ஏறியதில்லை. அன்று சாயங்காலம் பேக்கரியில் ஒரு ஆப்பிள் கேக் வாங்கி, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளேயிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து கேட்க அது ஒன்றும் அவ்வளவு பெரிய சத்தமாக இல்லாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கதவைத் திறந்த ஆட்லி முதலில் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளை.

"இவெட், இங்க வந்து பாரு. நாப்பத்தோரு தடவை எழுதின கை இன்னிக்கி கேக் தூக்கிட்டு வந்திருக்கு."

"வாசல்ல வச்சே ஆரம்பிச்சிட்டீங்களா. உள்ள கூப்பிடுங்க டெஸ்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சமையலறை மேசையில் உட்கார வைத்தார்கள். இவெட் ஒல்லி, கண்ணாடி போட்டவள், தாதியாக இருந்தவள். எதையும் பதறாமல் கேட்கிற முகம். கேக்கை ஓரமாக வைத்துவிட்டுத் தான் சுட்ட தேங்காய் ரொட்டியில் ஒரு துண்டு அறுத்து வைத்தாள். ரோசலிண்ட் விஷயத்தைச் சொன்னாள். வீடு, வக்கீல், கடிதம், மார்ச் முடிவு. வாங்குகிறவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது "ரொம்ப மரியாதையான மனுஷர்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இவெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இல்லாத சத்தத்துக்கு நான் என்னன்னு கடிதம் கொடுக்கறது?" என்றார் ஆட்லி. "ஃபாத்மிர் அளந்தாச்சு. எண்பது புள்ளி மூணு. விதியே எண்பதுதான். புள்ளி மூணு உங்களுக்காக நான் மேற்கொண்டு போட்டது."

"மிஸ்டர் ஆட்லி, நீங்க நடக்கற இடத்துல ஒரு சாண் கம்பளம் கிடையாது."

"நடக்கற இடத்தை மூடிட்டா அப்புறம் நாலு மாசம் நான் எதுக்கு இழைச்சேன்? கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துப் பாக்கறதுக்கா?"

"அப்ப சத்தம் வருதுன்னு ஒத்துக்கறீங்க."

"உங்களுக்கு வருதுன்னு ஒத்துக்கறேன். சில பேருக்குக் காது அப்படி."

இவெட்தான் குறுக்கே வந்தாள். "எதுக்கு வாய்ச்சண்டை? டெஸ், நீங்க கீழ போய் இவங்க வீட்ல நில்லுங்க. நான் உங்க பூட்ஸைப் போட்டு நடக்கறேன். கேட்டா கேட்டது, கேக்கலன்னா கேக்கலை."

ஆட்லி சவால் ஏற்கிற மனிதர். பூட்ஸைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். ரோசலிண்டின் சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுச் செருப்பு என்று ஒன்று அவரிடம் கிடையாதாகையால், வெறும் காலுறையோடு படி இறங்கிப் போனார். இவெட் அந்தப் படகு மாதிரி பூட்ஸுக்குள் காலை விட்டு, லேஸை இறுக்கிக் கட்டி, கணவர் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, படுக்கையறையிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஜன்னலுக்கும் நடந்தாள். அவர் எடையில் பாதிகூட இருக்க மாட்டாள்.

இரண்டாவது நடை முடிகிற சமயத்தில், ரோசலிண்டின் முழங்கைக்குப் பக்கத்தில் யாரோ பேசினார்கள்.

"கடவுளே. இது நானா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அங்கே ஆள் இல்லை. சுவரோரமாகக் கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்குப் போகும், குளிருக்குச் சூடேற்றும் வெந்நீராவிக் குழாய்தான் இருந்தது. அது தரையைத் துளைத்து வரும் இடத்தில் பலகைக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த வழியாக ஆட்லியின் குரல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

"இவ நடக்கறதே இப்படின்னா, நான் நடந்தா... சே."

ரோசலிண்டின் கையில் இருந்த தேங்காய் ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது. அந்தக் குழாய்க்குக் கீழ் முனையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய சமையலறை மேசை. மேசை மேல் போன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் ஹெஸ்டரோடு பேசும்போது ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேரும் உரக்கப் பேசுவார்கள். தினம் ஏழு மணிக்கு. ஆறு வருடமாக.

"இந்த வழியா... எல்லாம் கேக்குமா?" என்றாள்.

இவெட் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள். "ஏழு மணி ஆனா ரேடியோவை அணைச்சிடுவோம் மிஸஸ் பிங்கஸ். உங்க தங்கச்சிக்கு நல்ல குரல்."

"எல்லாமேவா?"

"அவர் நடக்கலை, இன்னும் ரயில்தான் ஓட்டறார்னு சொன்னீங்க. அது நல்லா இருந்துச்சு, அவரே சிரிச்சார். நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போட்டுட்டுப் போற தொப்பி, தலைமேல பழக்கடை விரிச்ச மாதிரி இருக்குன்னது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் உங்க கால் ஆணி. அதுக்கு அந்த டாக்டர் சொல்ற மருந்தெல்லாம் வேண்டாம், வெந்நீர்ல உப்புப் போட்டு வைங்க."

ரோசலிண்ட் நீதிமன்றத்தில் எத்தனையோ பேருக்கு அவரவர் சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டியிருக்கிறாள். தனக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

"டிராம்போன்காரர் காலையில எத்தனை மணிக்கு ஆரம்பிப்பாராம்?" என்று இவெட் சாதாரணமாகக் கேட்டாள். "செவ்வாக்கிழமை சொன்னப்ப அந்த இடத்துல நீங்க சிரிச்சிட்டீங்க, சரியாக் காதுல விழலை. 'ஊதட்டும், அந்த ஆளுக்கு அப்பத் தெரியும்'கிறது மட்டும் கேட்டுச்சு."

"ஒன்பது மணி" என்றாள் ரோசலிண்ட். வேறு என்ன சொல்வது.

"சரி."

"இவ்வளவும் கேட்டுட்டு நீங்க ஒரு தடவைகூடக் குழுவுல புகார் கொடுக்கலையே."

"என்னன்னு கொடுக்கறது? அவருக்கு டிவி பிடிக்காது. நீங்க ஒரு நாள் லேட்டாப் போன் பண்ணினாத் தவிச்சுப்போயிடுவார்."

ஆட்லி திரும்பி வந்தார். வாசலிலேயே நின்று சாவியை நீட்டினார். முகம் தொங்கிப்போயிருந்தது. "மிஸஸ் பிங்கஸ், மன்னிச்சுக்கணும். ஆறு வருஷமா நீங்க மிகைப்படுத்தறீங்கன்னு நினைச்சிருந்தேன். உங்க ஷெல்ஃப்ல இருந்த கண்ணாடி டம்ளர் ஆடுது. கம்பளம் போட்டுடறேன். கடிதமும் கொடுத்துடறேன். உண்மையை உள்ளபடி எழுதறேன், போதுமா?"

"உண்மையை உள்ளபடி எழுதினாப் போதும்" என்றாள் ரோசலிண்ட். அதைவிட அவள் வேறு எதைக் கேட்டிருக்கிறாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனிதர். மறுநாளே ஃபாத்மிர் மேலே போனார். முனகுகிற பலகை இடுக்குகளில் முகப் பவுடரைக் கொட்டி, துணி போட்டு மிதித்து உள்ளே இறக்கினார். அதற்கு மேல் விரல் கனத்துக்கு ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் சுவரிலிருந்து சுவர் வரை தடிமனான சாம்பல் நிறக் கம்பளம். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினார்கள். தேன் நிறத் தரை மூடிக்கொண்டே வரும்போது ஆட்லி பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். பூட்ஸ் வாசலோடு சரி. உள்ளே இரண்டு பேருக்கும் ஆட்டுத்தோல் செருப்பு. குழாய் இடைவெளியையும் அடைத்துவிடட்டுமா என்று ஃபாத்மிர் கேட்டதற்கு, "அது என் காலுக்கு அடியில இல்லையே" என்று ஆட்லி சொல்லிவிட்டார். இதைச் சலவை அறையில் ஃபாத்மிரே சொன்னது.

வெள்ளிக்கிழமை கடிதம் கதவுக்கு அடியில் வந்து கிடந்தது. ரோசலிண்ட் நின்றபடியே படித்தாள்.

"மதிப்பிற்குரிய திரு. ஹபர்ட் அவர்களுக்கு, நான்காம் மாடி டெஸ்மண்ட் ஆட்லி எழுதுவது. என் நடையின் சத்தம் பற்றி மிஸஸ் பிங்கஸ் கொடுத்த நாற்பத்தொரு புகார்களும் முற்றிலும் நியாயமானவை. அவர் வீட்டில் நின்று என் காதாலேயே கேட்டேன். தவறு என்னுடையது. இப்போது என் தரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு மூடியிருக்கிறது. இந்தக் கட்டடத்தில் விடாமல் புகார் கொடுத்தால் கட்டாயம் பலன் உண்டு என்பதற்கு என் வீடே சாட்சி. இங்கே ஒலி கீழே போவது போலவே மேலேயும் வருகிறது. கீழ் வீட்டுச் சமையலறையில் தும்மினாலும் எங்களுக்குக் கேட்கும். விதிப் புத்தகத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று மிஸஸ் பிங்கஸிடம் கற்றுக்கொண்டேன். தேவைப்பட்டால் நானும் அதையே செய்வேன். தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்."

"தவறு என்னுடையது" என்ற வரியை அவள் ஏழு தடவை படித்தாள்.

அன்று ஏழு மணிப் போனை வீட்டில் பேசவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு கீழே போய், வாசலில் இருக்கும் பெஞ்சில் காற்றில் உட்கார்ந்து, ஹெஸ்டருக்கு முழுவதையும் படித்துக் காட்டினாள்.

ஹெஸ்டர் சொன்னாள்: "ரோஸ், பலன் உண்டுங்கறதுக்குக் கீழ இருக்கறது எதுவும் எனக்குச் சரியாப் படலை. அதை மட்டும் எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லேன்."

"எதுக்கு? ஒரு வார்த்தை பொய் இருக்கா அதுல?"

"பொய் இல்லை. ஆனா அந்த ஆள் ஊதற ஆளாச்சே."

"சாட்சி சொன்னதுல எனக்குப் பிடிச்சதை வச்சிக்கிட்டு மிச்சத்தை அடிக்கறதா? நாப்பது வருஷத்துல நான் அப்படிச் செஞ்சதில்லை. ஆறு வருஷமா நான் கேட்டது இந்தக் கடிதம் ஹெஸ்டர். தவறு என்னுடையதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்."

"உனக்கு வீடு விக்கணுமா, ஜெயிக்கணுமா?"

"ரெண்டும்தான்" என்றாள் ரோசலிண்ட்.

கடிதத்தின் நகலை வக்கீலுக்கு அனுப்பினாள். இன்னொரு நகலைக் குழுவுக்குக் கொடுத்து, வரிக்கு வரி மினிட்ஸில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். செயலாளர் இந்தத் தடவை கால்புள்ளி ஒன்றையும் விடவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை ஹபர்டும் வக்கீலும் வந்தார்கள், கூடவே நடீன். நான்கு பேரும் வரவேற்பறையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். குளிர்பெட்டி முனகுவது கேட்டது, நடீன் வயிறு கடமுடவென்றது கேட்டது, மேலேயிருந்து ஒரு சின்ன அரவம் இல்லை.

"மேல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார் ஹபர்ட்.

"இருக்காங்க. இப்ப நடந்துக்கிட்டுதான் இருக்காங்க. நான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் ரோசலிண்ட். குரலில் பெருமை தாங்கவில்லை.

வக்கீல் திருப்தியாகக் குறிப்பு எடுத்துக்கொண்டார். ஹபர்டின் முகம்தான் வரவர வாடிக்கொண்டு வந்தது. கடிதத்தை வாங்கிப் படித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு திரும்பப் படித்தார். பிறகு தொண்டையை மெல்லக் கனைத்தார். கனைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ரொம்ப அமைதியான கட்டடம்" என்றார்.

"ஆமா சார். நான் விட்டேனா?" என்றாள் ரோசலிண்ட்.

மறுநாள் நடீன் போன் செய்தாள். ஹபர்ட் வேண்டாம் என்றுவிட்டார். வக்கீல் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

"இப்பதான் ஒரு சத்தமும் இல்லையே" என்றாள் ரோசலிண்ட்.

"அதைத்தான் சொல்றார். நாப்பத்தோரு புகார் கொடுத்தும் எதுவும் நடக்காத கட்டடம்னுதான் ஆசைப்பட்டு வந்தாராம். என்ன ஊதினாலும் கேக்க நாதி இருக்காதுன்னு. இப்ப இங்க புகார் கொடுத்தா நடக்குதாம், மேல இருக்கறவருக்குப் பாம்புக் காதாம், அவருக்கு டிரெய்னிங் கொடுத்ததே நீங்களாம். ரயில் பாலத்தை ஒட்டி வேற ஒரு வீடு பாத்துட்டார் மிஸஸ் பிங்கஸ். நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகுது. ரொம்ப சந்தோஷமா இருக்கார்."

வேறு ஆள் தேட மார்ச்சில் ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. ஒன்பது நாளில் யார் வருவார்கள்? பிராவிடன்ஸ் வீட்டை பாஸ்டனிலிருந்து வந்த ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். வரிசையில் அடுத்தது எப்போது காலியாகும் என்று ரோசலிண்ட் விசாரித்தாள். அது அங்கே இருப்பவர்களின் உடம்பைப் பொறுத்தது என்று அலுவலகத்தில் இருந்த பெண் நாசூக்காகச் சொன்னாள்.

ஆட்லி வேண்டுமென்று செய்தாரா, வெள்ளை மனசாகச் செய்தாரா என்பதில் சலவை அறை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ரோசலிண்டே ஒரு நாள் லிஃப்ட்டில் அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வீடு விக்கலைன்னு கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார் ஆட்லி.

"யார் சொன்னா?"

ஆட்லி நான்காம் எண்ணை அழுத்தினார். "கடிதத்துல ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"இல்லை" என்றாள் அவள். "ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை."

"தரையும் இப்ப சரியா இருக்கில்ல?"

"ரொம்பச் சரியா இருக்கு."

"அதான் வேணும்" என்று சொல்லித் தொப்பியைத் தொட்டு விடைகொடுத்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று, மூன்றாம் மாடியில் இறங்கி நின்று லிஃப்ட் கதவு மூடும் வரை பார்த்தாள். ரயில் ஓட்டுகிறவர்களின் முகத்தில் அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் முதல் வாரம் விடாமல் மழை. வாசல் பெஞ்ச் நனைந்து கிடந்தது. ஏழு மணிக்கு ரோசலிண்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஹெஸ்டரைக் கூப்பிட்டாள். ஹெஸ்டர் எடுத்ததும் எடுக்காததுமாக ஆரம்பித்தாள்: "அந்த மேல் வீட்டு ஆள் செஞ்ச காரியத்தை நினைச்சா எனக்கு இன்னும் ஆறலை ரோஸ். நீ என்ன நினைக்கறே, சொல்லு."

ரோசலிண்ட் கூரையை அண்ணாந்து பார்த்தாள். முன்பானால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்: ஜன்னலில் நிற்கிறார், பேசலாம், சமையலறைக்கு வருகிறார், நிறுத்து. இப்போது மேலே தொண்ணூற்றாறு பங்கு கம்பளம், அதற்கடியில் ரப்பர், காலில் ஆட்டுத்தோல். அவர்கள் வெளியூர் போயிருக்கலாம். தூங்கிக்கொண்டிருக்கலாம். நாற்காலியைக் குழாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தும் இருக்கலாம். நாற்காலி இழுத்தால் கேட்கக்கூட இனி வழியில்லை.

"ரோஸ்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் ரோசலிண்ட். போனை விட்டுக் குழாயின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஹெஸ்டர், நம்ம ஆட்லி தம்பதி மாதிரி நல்ல மனசுக்காரங்க இந்தக் கட்டடத்துலயே கிடையாது. அவங்களை மேல் வீட்ல வச்சிருக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்."

"என்ன ஆச்சு உனக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ரோசலிண்ட் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மேலே ஒரு அரவமும் இல்லை. ஒருவேளை சரியாகக் காதில் விழவில்லையோ என்று, அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.